மண்ணெண்ணெய் டின்னில் ஒரு பட்டாணிக் கொடி

எங்கள் வீட்டுச் சமையலறைச் சட்டப்படி, பட்டாணி பச்சையாக இருந்தால் இங்கிலீஷ் காய். காய்ந்து உருண்டுவிட்டால் நம்முடையது. பச்சைப் பட்டாணி காரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் கூட்டத்தைச் சேர்ந்தது. மலையிலிருந்து ரயிலில் இறங்கி, கொத்தவால்சாவடி வழியாக மயிலாப்பூர் மார்க்கெட்டுக்கு வந்து சேரும். அம்மா அதன் விலையைக் கேட்பாள், வாங்கமாட்டாள். திவச நாட்களில் அது எங்கள் வாசற்படி ஏறக்கூடாது. காய்ந்த பட்டாணிக்கு அந்தத் தடை எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை சுண்டலாகித் தேங்காய்ப் பூவோடு சுவாமிக்கு எதிரே போய் உட்காரும்.

இரண்டும் ஒரே செடியில் காய்ப்பதுதான் என்று, தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கிய தைரியத்தில், அம்மாவிடம் ஒருநாள் சொன்னேன்.

"நீ படிச்சவ. உனக்கு ஒண்ணாத் தெரியறது. எனக்குக் கண் நன்னா இருக்கு, ரெண்டாத்தான் தெரியறது" என்றாள் அம்மா.

சின்ன வயதில் எனக்கு அந்தச் சொல்லிலேயே குழப்பம் இருந்தது. பெருங்காயம் விற்க வரும் உயரமான வடதேசத்து மனிதரையும் தெருவில் பட்டாணி என்றுதான் சொன்னார்கள். அவருடைய மூட்டையில் பெருங்காயத்துக்கு அடியில் பட்டாணி இருக்கிறது, அதனால்தான் அந்தப் பெயர் என்று முடிவு கட்டி வைத்திருந்தேன். கல்லூரிக்குப் போனபிறகு அதற்கு லத்தீனில் பைசம் சட்டைவம் என்று இன்னொரு பெயர் கிடைத்தது. சட்டைவம் என்றால் விதைத்துப் பயிராக்கப்படுவது என்று பொருள். ஆனால் சென்னையில் அதை விதைத்தவரையோ பயிராக்கியவரையோ நான் பார்த்ததில்லை. கடற்கரையில் காகிதப் பொட்டலத்தில் வாங்கித் தின்றவர்களை மட்டும் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அவர்களில் ஒருத்தி.

இந்த மூன்று பட்டாணிகளோடு சௌக்கியமாக இருந்திருப்பேன், வேலை என்று ஒன்று வராமல் இருந்திருந்தால்.

ஒரு பெண்கள் கல்லூரியில் எனக்கு டிமான்ஸ்ட்ரேட்டர் வேலை கொடுத்தார்கள். செய்முறை வகுப்பில் பெண்களுக்குச் செடியை அறுத்துக் காட்ட வேண்டும், உருப்பெருக்கிக் கண்ணாடிகளைத் துடைத்து வைக்க வேண்டும், யாராவது விரலை அறுத்துக்கொண்டால் டிங்சர் தடவ வேண்டும். வேலை ஒரு வருஷத்துக்குத்தான். கல்லூரியில் தாவரவியல் வகுப்பு அப்போதுதான் புதிதாகத் தொடங்கியிருந்தது. சர்வகலாசாலையிலிருந்து ஒருவர் வந்து வகுப்பைப் பார்வையிடுவார். அவர் திருப்தியடைந்தால் வகுப்புக்கு அங்கீகாரம், எனக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வகுப்பும் கிடையாது, நானும் கிடையாது. வீட்டில் உட்கார்ந்து ஊறுகாய் ஜாடிகளுக்கு லேபிள் எழுத வேண்டியதுதான். அதை நான் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தேன்.

பார்வையிட வருபவரைப் பற்றி எல்லாக் கல்லூரிகளிலும் ஒரே பேச்சு. மாணவியின் படத்தைப் பார்ப்பாராம். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "பூவைப் பார்த்து வரைந்தாயா, படத்தைப் பார்த்துப் படம் வரைந்தாயா?" என்று கேட்பாராம். இந்தக் கேள்விக்கு அழாமல் பதில் சொன்ன பெண்கள் குறைவு என்று சொன்னார்கள்.

எங்கள் பாடத்திட்டத்தில் அவரைக் குடும்பத்துக்கு எடுத்துக்காட்டாக அச்சிட்டிருந்தது பட்டாணிப் பூ. மயிலாப்பூரில் அகத்திப் பூ கிடைக்கும், வேலியெல்லாம் சங்குப் பூ கிடைக்கும். அமைப்பு ஏறக்குறைய ஒன்றேதான். ஆனாலும் அச்சில் இருப்பது பட்டாணி. அதுவரை நாங்கள் எல்லோரும் அதைக் கரும்பலகையிலிருந்துதான் வரைந்திருந்தோம். துறைத் தலைவியாக இருந்த ஆங்கிலேய அம்மாளிடம், நான் பட்டாணி வளர்த்துப் பூவைக் கொண்டுவருகிறேன் என்றேன்.

"சென்னையிலா?" என்று கேட்டார்.

"மார்கழியில்" என்றேன்.

அவர் இங்கிலாந்துப் பட்டாணித் தோட்டங்களை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

எதையும் வரிசைப்படுத்திக்கொண்டு தொடங்குவது என் பழக்கம். வேண்டியவை: டின், மண், விதை, படர்வதற்குக் குச்சி, குளிர். முதல் நான்கும் விலைக்கோ இரவலுக்கோ கிடைப்பவை. ஐந்தாவது நம் ஊரில் மார்கழியில் மட்டும், அதிலும் விடியற்காலையில் மட்டும் கிடைப்பது.

மண்ணெண்ணெய் டின்னை அப்பா வெட்டிக் கொடுத்தார். அப்பா ஆபீஸ் குமாஸ்தா. ஆணியையும் சுத்தியலையும் எடுத்துவிட்டால் அவருக்கு வேறு முகம் வந்துவிடும். டின்னின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகளை நேர்வரிசையில் போட்டு, தள்ளி நின்று பார்த்து ரசித்தார். மண், தியாகராய நகரில் வீடு கட்டிக்கொண்டிருந்த மாமாவின் மனையிலிருந்து வந்தது. ஏரியைத் தூர்த்துப் போட்ட மனை அது. அஸ்திவாரம் தோண்டத் தோண்டக் கறுப்பு வண்டல் வந்துகொண்டே இருந்தது. மாமா அதைத் திட்டிக்கொண்டிருந்தார்; நான் கோணிப்பையில் அள்ளிக்கொண்டு வந்தேன்.

விதைக்கு, குளத்துக்குப் பின்னால் பொரி, கடலை வறுத்து விற்கும் பாயின் கடைக்குப் போனேன். வறுக்காத பட்டாணி வேண்டும் என்றதும் அவருக்கு ஆச்சரியம்.

"ஊறப்போட்டுச் சுண்டல் பண்ணவாம்மா?"

"இல்லே பாய், விதைக்கணும். இது முளைக்குமா?"

"முளைக்குமான்னு என்னைக் கேக்குறீங்களே! நான் வறுக்கிறவம்மா. முளைக்கவிடாமப் பண்றதுதானே என் தொழிலே!" என்று சிரித்தார். உள்ளே பார்த்து, "கேட்டியா, மட்டர் பயிர் பண்ணப் போறாங்களாம், மயிலாப்பூர்ல!" என்று யாரிடமோ சொன்னார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரலும் சிரித்தது. அவர்கள் வீட்டில் அதற்கு மட்டர் என்று பெயர். இரண்டு பிடி அள்ளிப் பொட்டலம் கட்டி, "முளைச்சா எனக்கும் ஒரு கொடி காட்டுங்க. நான் பொறந்ததுலேருந்து பட்டாணியோட கெடக்கேன், செடியைப் பார்த்ததில்லே" என்றார்.

ஐப்பசியில் விதைத்தது மழையில் அழுகிப் போயிற்று. கார்த்திகையில் புயல் ஓய்ந்தபிறகு மறுபடி விதைத்தேன். முளைத்ததை அணில் கிள்ளியது. மூங்கில் கூடையைக் கவிழ்த்து வைத்தேன். கூடைக்குள்ளிருந்து செடி எட்டிப் பார்த்ததும் படர்வதற்குக் குச்சி வைக்க வேண்டி வந்தது. தென்னை ஈர்க்குச்சிதான் அளவாக இருந்தது. வீட்டில் அது எந்தப் பொருளிலிருந்து கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். விளக்குமாறு இளைத்துக்கொண்டே வருவதை அம்மா கவனித்தாள், காரணத்தைக் கேட்கவில்லை.

பட்டாணிக் கொடியின் நுனியில் இலைக்குப் பதில் மெல்லிய சுருள் கம்பிகள் இருக்கும். அவை காற்றில் துழாவி, எது அகப்படுகிறதோ அதைச் சுற்றிக்கொள்ளும். ஈர்க்குச்சியைப் பிடித்த கொடி, அங்கே நிற்காமல், மாடியில் உலர்ந்துகொண்டிருந்த அம்மாவின் மடிப் புடவையையும் பிடித்துக்கொண்டது. மடியாக உலர்த்திய புடவையைக் குளிக்காதவர் தொட்டால் அது மடி இல்லை. மறுபடி நனைக்க வேண்டும். செடி தொட்டால்? அப்பா இந்தக் கேள்வியை மிகவும் அக்கறையாக எழுப்பினார்.

"செடிக்கென்ன, நாள் பூரா தண்ணியிலேதானே நின்னுண்டிருக்கு. நம்மாத்து மனுஷாளை விட அதுக்கு ஆசாரம் ஜாஸ்தி" என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று அன்று குளிக்காமலே காப்பி குடித்திருந்த அப்பா, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மார்கழி பிறந்து கொஞ்ச நாளில் மொட்டு விட்டது. பார்வையிடும் தேதி, கல்லூரி விடுமுறை முடிந்து திறக்கும் வாரத்தில் என்று வந்தது. மொட்டுகளைத் தினமும் பார்த்தேன். அன்றைக்குச் சரியாக விரியக்கூடியவற்றின் காம்பில் சிவப்பு நூல் கட்டி வைத்தேன். வகுப்புப் பெண்களுக்கு ஆளுக்கு ஒன்று வரும். தவறிப்போனால் என்று ஓரிரண்டு கூடுதலாகவும் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் எல்லாம் வாய் திறக்கத் தயாராக இருந்தன. கல்லூரியிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியில் ஈரத் துணி விரித்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்தும் விடியாமலும், மாட வீதியில் பஜனை போய்க்கொண்டிருந்தபோது மாடிக்கு ஏறினேன். கொடி முழுக்கப் பச்சை. ஒரு வெள்ளை இல்லை.

அணில் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அணில் இலையை விட்டுப் பூவை மட்டும், காம்போடு, ஒன்றுவிடாமல் எடுக்காது. அதுவும் சிவப்பு நூலை அவிழ்த்துக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைத்துவிட்டுப் போகாது.

கீழே ஓடி வந்தேன். கூடத்துச் சுவர் மாடத்தில் சாம்பிராணிப் புகைக்கு நடுவே சுவாமி படம். படத்தின் மேல், வாழை நாரில் நெருக்கமாகத் தொடுத்த சின்னச் சரம் ஒன்று. என் பூக்கள் எல்லாம் அதில் இருந்தன. அழகாகத்தான் இருந்தது.

"அம்மா! என்ன காரியம் பண்ணினே!"

அம்மா ஈரப் புடவையோடு சமையலறை வாசலில் நின்றாள். "தள்ளி நில்லு, நீ இன்னும் குளிக்கலை. ஏண்டி கத்தறே? பூக்காரி வரலை. மார்கழி மாசம், சுவாமிக்கு ஒரு பூ இல்லாம இருக்கலாமா? மாடியிலே பார்த்தா வெள்ளை வெளேர்னு பூத்திருக்கு. வாசனைதான் இல்லை, போனாப் போறதுன்னு பறிச்சுண்டு வந்தேன்."

"அது எங்க காலேஜுக்கு! இன்னிக்குத்தானே அந்த மனுஷர் வரார்? உங்கிட்ட எத்தனை தடவை சொன்னேன், பட்டாணி காலேஜுக்குன்னு!"

"பட்டாணி காலேஜுக்குன்னுதான் சொன்னே. பட்டாணியை யார் தொட்டா? காய்ச்சப்புறம் எல்லாத்தையும் மூட்டை கட்டிண்டு போயேன். பூ எதுக்கு உங்களுக்கு?"

"பூவைப் பறிச்சா காய் எங்கேர்ந்தும்மா வரும்?"

அம்மா மாடத்துச் சரத்தைத் திரும்பிப் பார்த்தாள். தான் செய்தது பெரிய காரியம் என்று அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. ஆனாலும் விடவில்லை. "வேற பூ பூக்காதா?"

"அடுத்த வாரம் பூக்கும். அவர் இன்னிக்குப் பதினோரு மணிக்கு வரார். பூ இல்லேன்னா கிளாஸ் இல்லை. கிளாஸ் இல்லேன்னா என் வேலை இல்லை." சொல்லிக்கொண்டே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். பிறகு, "நான் குளிச்சுட்டு வந்து சரத்தை எடுத்துக்கறேன்" என்றேன்.

"எடுத்துண்டு?"

"ஆளுக்கு ஒரு பூ. ப்ளேடால அறுத்து, உள்ளே பார்த்து வரையணும்."

"சிவ சிவா! சுவாமிக்குச் சாத்தின பூவை ப்ளேடால அறுக்கறதா?"

வேறு வழி தெரியாமல் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "அது படர்ந்தது விளக்குமாத்துக் குச்சியிலே, தெரியுமோ?"

அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஏன்னா! கேட்டேளா? விளக்குமாத்துப் பூவையா சுவாமிக்குப் போட்டுட்டேன்?"

அப்பா பல்லில் வேப்பங்குச்சியோடு கொல்லையிலிருந்து வந்தார். விவரம் கேட்டார். "பூ குச்சியிலேயா பூத்தது? செடியிலே பூத்தது. செடிக்கு ஆசாரம் ஜாஸ்தின்னு நீதானே சொன்னே?" என்று அம்மாவைத் தேற்றிவிட்டு, என் பக்கம் திரும்பி, "உனக்குப் பூதானே வேணும்? குளிச்சுட்டு வா. நான் பார்த்துக்கறேன்" என்றார்.

மார்கழிக் கிணற்று நீரை ஆத்திரத்தில் ஊற்றிக்கொண்டால் குளிர் தெரிவதில்லை. நான் வந்தபோது வழக்கு முடிந்திருந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஜெயித்தவர்தான் அப்படி உட்காருவார். அம்மா சரத்தைப் படத்திலிருந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"திரும்பு" என்றாள்.

திரும்பினேன். ஈரம் சொட்டும் பின்னலில், உச்சிக்குக் கீழே, சரத்தைச் சொருகினாள்.

"சுவாமிக்குப் போட்ட பூவை அறுக்கப்படாது. ஆனா பிரசாதமா தலையிலே வச்சுண்டாச்சுன்னா அது உன் பூ. சாயங்காலம் வாடினப்புறம் குப்பையிலே போடறோமோ இல்லையோ? அதுக்கு முன்னாடி நீ அதை என்ன பண்ணினாலும் நான் கேக்கமாட்டேன். உங்கப்பா சொன்னார்." கொஞ்சம் நிறுத்தி, "நாரை நன்னா நனைச்சுத்தான் தொடுத்திருக்கேன். மத்தியானம் வரைக்கும் வாடாது" என்றாள்.

தினமும் என்னைக் கல்லூரிக்கு அழைத்துப்போகும் ரிக்ஷாக்காரர் தலையைப் பார்த்துவிட்டு வண்டியை இழுக்காமல் நின்றார். "இன்னாம்மா இது, கீரையைத் தலையில வச்சிக்கினு போறியே? வூட்ல சண்டையா?"

"பட்டாணிப் பூ. சீக்கிரம் போங்க."

"பட்டாணிக்குப் பூ கூட கீதா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே ஓடினார். அவர் ஓட்டத்துக்கு என் தலை ஆடாமல் இருக்க, நான் ஒரு கையால் பின்னலைப் பிடித்துக்கொண்டே போனேன். சாந்தோம் பக்கத்துக் கடல்காற்றை அதற்குமுன் நான் அப்படிச் சபித்ததில்லை.

செய்முறை அறையில் வகுப்புப் பெண்கள் வரிசையாக என் பின்னால் வந்து நின்றார்கள். ஒவ்வொருத்தியும் நாரிலிருந்து ஒரு பூவை உருவி எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். நான் குனிந்து நின்றேன். ஒருத்தி, "டீச்சர், உங்க தலையிலே சீயக்காய் வாசனை" என்றாள். இன்னொருத்தி, "உஷ், பரீட்சைக்கு அது வராது" என்றாள். ஆங்கிலேய அம்மாள் இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்தார். நம் ஊர் வழக்கம் எதுவோ என்று நினைத்திருக்க வேண்டும்.

பதினோரு மணிக்குப் பார்வையிடுபவர் வந்தார். தலைப்பாகை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, நெற்றியில் பளிச்சென்று திருமண். மேஜை மேஜையாகப் போனார். பட்டாணிப் பூவில் மேலே ஒரு பெரிய இதழ் பறக்கும் கொடிபோல் விரிந்து நிற்கும். இரண்டு பக்கமும் இரண்டு இறக்கைகள். கீழே இரண்டு இதழ்கள் ஒட்டிக்கொண்டு ஒரு படகு. படகைப் பிரித்தால் உள்ளே மகரந்தம் தாங்கும் பத்துக் கேசரங்கள் இருக்கும். ஒன்பது ஒரே கூட்டுக் குடும்பம், அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பத்தாவது தனிக்குடித்தனம். பெண்கள் அதைத்தான் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி மேஜையில் நின்றார். அங்கே இருந்தவள் வகுப்பிலேயே பொய் சொல்லத் தெரியாதவள்.

"பூவைப் பார்த்து வரைந்தாயா?"

"ஆமாம் சார்." பூவை நீட்டிக் காட்டினாள்.

அவர் புருவம் உயர்ந்தது. "பட்டாணிதான். இது எங்கே கிடைத்தது?"

"டீச்சர் தலையிலேர்ந்து, சார்."

அறையில் ப்ளேடுகள் எல்லாம் நின்றன. அவர் என் பக்கம் திரும்பினார். என் பின்னலில் காலி நாரும் ஒரே ஒரு பூவும் தொங்கிக்கொண்டிருந்தன. நான் எழுந்து, வீட்டு மாடியில் வளர்த்ததையும், அம்மா சுவாமிக்குச் சாத்திவிட்டதையும், பிறகு தலையில் வைத்து அனுப்பியதையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறுவது தெரிந்தது.

"அப்போ இது பிரசாதமா? பிரசாதத்தையா வெட்டறேள்?"

இத்தனை தூரம் வந்து, அணிலையும் மழையையும் தாண்டி, இவருடைய திருமண்ணில் வந்து முட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன். கல்லூரியில் கற்ற எதுவும் இதற்கு உதவாது. அம்மா சொன்னதுதான் கையில் இருந்தது.

"சுவாமி மேல இருந்தவரைக்கும் வெட்டலை சார். தலையிலே வச்சுண்டப்புறம் அது எங்க பூ. சாயங்காலம் குப்பைக்குத்தான் போகும். அதுக்கு முன்னாடி பாடத்துக்கு வந்திருக்கு."

அவர் தரையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "இதை யார் சொன்னது?"

"எங்கம்மா."

"ம்" என்றார். "அந்த ஒண்ணு மிச்சம் இருக்கே, அதைக் கொடுங்கோ."

பின்னலிலிருந்து கடைசிப் பூவை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு கோட்டுப் பையிலிருந்து சொந்தக் கண்ணாடியை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், கட்டைவிரல் நகத்தால் படகைச் சுத்தமாகப் பிளந்தார். உதடு அசைய எண்ணினார்.

"ஒன்பதும் ஒண்ணும்" என்றார், ஏதோ அவரே இப்போதுதான் கண்டுபிடித்தது போல. "முப்பது வருஷமா பாடம் நடத்தறேன். மெட்ராஸ்ல பூத்த பட்டாணியை இப்போதான் பிரிச்சுப் பார்க்கறேன்."

அங்கீகாரக் கடிதம் மாசியில் வந்தது. அதில் பின்னலைப் பற்றி ஒன்றும் இல்லை. புதிய பூக்களைக் கொண்டு வகுப்பு நடப்பது திருப்தியளிக்கிறது என்று ஒரு வரி இருந்தது. அதே உறையில், என் வேலையை நிரந்தரமாக்கிக் கல்லூரி கொடுத்த உத்தரவும் இருந்தது. சாயங்காலம் வீட்டில் படித்துக் காட்டினேன்.

"சுவாமி கொடுத்தார்" என்றாள் அம்மா.

"சுவாமி கொடுத்தார், சரி. டின்னுக்கு ஓட்டை போட்டது யாரு?" என்றார் அப்பா.

கொடி அதற்குள் வெயிலில் காய்ந்து, ஈர்க்குச்சியோடு சேர்ந்து மஞ்சளாகிவிட்டது. கடைசிப் பூக்கள் ஏதோ காய்த்திருந்தன. அவற்றை அணில் எடுத்துக்கொண்டது, நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அம்மா கடிதத்தை வாங்கி, இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் முத்திரையை உற்றுப் பார்த்து, சுவாமி படத்துக்குக் கீழே வைத்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போனவள் பாதி வழியில் நின்றாள்.

"நிரந்தரம்னா இனிமே வருஷா வருஷம் இதே கதைதானே? அடுத்த வாரம் எந்தப் பூவை அறுக்கப் போறேள்னு இப்பவே சொல்லிடு. பூக்காரிகிட்ட ரெண்டு பங்கா கொண்டுவரச் சொல்றேன்."